குடியிருப்பு முற்றத்தில் பிள்ளைகள் கூடுகை: எப்படித் தொடங்குவது?

முற்றம் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி குறையில்லாமல் நடக்கிறது. ஆனால் வருவது முழுக்கச் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். வெளியே இருக்கிற பிள்ளைகளுக்காக, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது முற்றத்தில் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கூடுகை தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். 5 முதல் 12 வயது வரை, ஏறக்குறைய 25 பிள்ளைகள் வரலாம். எங்கள் பக்கம் 6 பேர். அதில் இருவருக்கு 16 வயது.

கேட்க வேண்டியவை: ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? சொற்களற்ற புத்தகம் (எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களை மட்டும் காட்டிச் சுவிசேஷம் சொல்லும் புத்தகம்) 5 வயதுப் பிள்ளைக்குப் புரியுமா? வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா? பெற்றோரை எப்படி நெருங்குவது? இன்னொன்று: அழைப்பிதழில் சபைப் பெயரைப் போடாமல் "சிறுவர் மகிழ்ச்சி நேரம்" என்று மட்டும் போட்டால் கூட்டம் வரும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். மற்றவர்களுக்கு மனசு ஒப்பவில்லை.

---

பதிவேடு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. சபைப் பெயரை மறைக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள், வேதாகமக் கதையும் ஜெபமும் இருக்கும், பொறுப்பாளர் யார், அவரை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்ற நான்கும் அழைப்பிதழிலேயே இருக்கட்டும். மறைத்து அழைத்தால் முதல் வாரம் 30 பேர் வருவார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டைப் பாடிக் காட்டுவான். அன்று இரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்த வளாகத்தில் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். சில நாடுகளில், சில மாநிலங்களில் பிள்ளைகளிடையே சமயப் பணி செய்வதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. உங்கள் இடத்து விதி என்ன என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். முற்றத்தைப் பயன்படுத்தும் அனுமதி குடியிருப்புச் சங்கத்திடமிருந்து எழுத்தில் வரட்டும். நாள், நேரம், எந்தப் பகுதி என்பது அதில் இருக்கட்டும். வாய்வார்த்தை அனுமதி, சங்கச் செயலாளர் மாறும் வரைதான்.

அடுத்தது எண்ணிக்கை. 16 வயதுக்காரர்கள் உதவியாளர்கள்தான், பெரியவர் கணக்கில் வர மாட்டார்கள். ஆக உங்களிடம் இருப்பது 4 பேர். பிரிட்டனின் குழந்தைகள் நல அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைக்கும் விகிதம் 4 முதல் 8 வயதுக்கு 6 பிள்ளைக்கு ஒருவர், 9 முதல் 12 வயதுக்கு 8 பிள்ளைக்கு ஒருவர். எத்தனை குறைவாக வந்தாலும் பெரியவர் இருவருக்குக் குறையக் கூடாது. உங்கள் 25 பேரில் 8 வயது வரை 12 பேர், அதற்கு மேல் 13 பேர் என்று வைத்துக்கொண்டால் அங்கே 2 பேர், இங்கே 2 பேர். கணக்கு சரியாக வருவதுபோல் தோன்றும். ஆனால் நுழைவிடத்தில் பதிவேடு பார்க்கவும், ஒரு பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் எழுந்து போகவும் கையில் ஆள் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூடுகையே கிடையாது. எனவே 15 பேரோடு தொடங்குங்கள். மீதிப் பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். பெரியவர்கள் 6 பேர் ஆனதும் 25-க்குப் போகலாம். வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வராதுதான். ஆனால் பார்க்க ஆளில்லாமல் சேர்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு.

பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: பெயர், வயது, பெற்றோர் பெயர், தொலைபேசி, ஒவ்வாமை அல்லது மருந்து, அழைத்துப்போக அனுமதி உள்ளவர் யார், தனியாக வீடு திரும்பலாமா, வந்த நேரம், போன நேரம். கையெழுத்திட்ட சம்மதத் தாள் இல்லாமல் இரண்டாம் வாரம் கிடையாது. முதல் வாரம்கூடப் பெற்றோர் நேரில் வந்து விட்டால் மட்டும். புகைப்படத்துக்குத் தனிக் கையெழுத்து. "கூடுகைக்குச் சம்மதம்" என்பதற்குள் அதைச் சேர்த்து எழுதாதீர்கள். படம் எடுப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். ஆளாளுக்குக் கைபேசியை நீட்டினால் எந்தப் படம் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நடத்தை விதிகள் நிறைய எழுதுவார்கள். முக்கியமானவை கொஞ்சம்தான். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் மட்டும் மற்றவர் கண்ணுக்கு மறைவாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் பிள்ளை தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதைப் பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைக்கு நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது, எல்லாச் செய்தியும் பெற்றோர் எண்ணுக்கே. உங்கள் ஆட்கள் எல்லாரையும், சபையில் இருபது வருடம் இருப்பவர் உட்பட, பின்னணி விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும். "நமக்குத் தெரிந்தவர்தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல ஆரம்பித்தால்: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்" என்பது போதும். முடிந்தவுடன் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, நேரம் குறித்து, அன்றே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அங்கிருந்து உங்கள் நாட்டுக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் போக வேண்டும். சபை மூப்பர்கள் கூடி "விசாரித்து" முடிவெடுக்கிற விஷயம் அல்ல இது. சம்பந்தப்பட்டவரை அழைத்துக் கேட்பதும் உங்கள் வேலை அல்ல. அதனால் பிள்ளைக்கு ஆபத்து கூடும்.

---

கரும்பலகை எழுதியது:

பாதுகாப்புப் பக்கம் மேலே சொல்லியாகிவிட்டது. நான் கற்பிக்கும் பக்கம் வருகிறேன்.

முதலில் இடம். மாலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு சனிக்கிழமை போய் நின்று பாருங்கள். பிள்ளைகளுக்கு வெயில் முதுகில் படவேண்டும். கதை சொல்பவர் கண் கூசினால் பரவாயில்லை. பிள்ளைகள் வாகனம் போகும் பாதைக்கு முதுகு காட்டி உட்காரட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் கதை நின்று நின்று போகும். கதை சொல்பவருக்குப் பின்னால் சுவர் இருந்தால் குரல் சிதறாமல் முன்னே வரும். மூன்று வரிசை அரைவட்டத்துக்குள் அடக்கினால் 25 பேருக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. ஒலிபெருக்கி வைத்தால் அழைக்காத வீடுகளுக்குள்ளும் உங்கள் குரல் போகும். முதல் புகார் அங்கிருந்துதான் வரும்.

ஒரு மணி நேரத்தை இப்படி வைத்துப் பாருங்கள். முதல் 15 நிமிடம் விளையாட்டு. அது வெறும் உற்சாகத்துக்கு இல்லை. தாமதமாக வருபவர்கள் இடையில் சேர்ந்துகொள்ள விளையாட்டில்தான் முடியும், கதையில் முடியாது. பிறகு 5 நிமிடம் இரண்டு பாட்டு, ஒன்று செய்கையோடு, ஒன்று அடங்கி உட்கார வைப்பதற்கு. மனப்பாட வசனம் 7 நிமிடம். கதை 12 நிமிடம். அதன் பின் வயதுவாரியாக இரண்டு குழு, ஒன்றின் கண்பார்வையில் மற்றது: 15 நிமிடம் கேள்வியும் கைவேலையும். கடைசி 6 நிமிடம் ஜெபமும் ஒவ்வொரு பிள்ளையையும் பதிவேட்டில் குறித்து ஒப்படைப்பதும். இந்த 6 நிமிடத்தில் கைவைத்துக் கதையை நீட்டுபவர்கள்தான் அதிகம். அப்போதுதான் யார் யாரோடு போனார்கள் என்பது தெரியாமல் போகிறது.

வசனம் சிறியதாக இருக்கட்டும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) ஐந்தே சொல். பலகையில் எழுதி, எல்லாரும் ஒருமுறை வாசித்ததும் ஒரு சொல்லை அழிக்க வேண்டும், மறுபடி வாசிக்க வேண்டும், இன்னொரு சொல். முதலில் அழிப்பது "நாளில்" போன்ற நடுச்சொல். முதற்சொல்லை அழித்தால் பிள்ளைகள் தொடங்கவே திணறுவார்கள். பலகை வெறுமையானதும் கத்திச் சொல்வார்கள். ஆனால் அர்த்தம் புரிந்ததா என்பது தனிக் கேள்வி. "எப்ப பயமா இருக்கும்?" என்று கேட்டு, மூன்று பேர் பதில் சொன்ன பிறகு வசனத்துக்கு வந்தால் அது ஒட்டும்.

சொற்களற்ற புத்தகம் பற்றி. ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866-ல் லண்டனில் இதைப் பற்றிப் பிரசங்கித்தபோது அதில் மூன்று நிறமே இருந்தன: கருப்பு, சிவப்பு, வெள்ளை. பொன் நிறம் 1875-ல் அமெரிக்க நற்செய்தியாளர் டி.எல். மூடி சேர்த்தது. பச்சை அதற்கும் வெகு பின்னால் வந்தது. ஆக "இந்த ஐந்தும் இதே வரிசையில்தான்" என்று யாராவது அழுத்தினால் கவலைப்பட வேண்டாம். எனக்கு இதில் இரண்டு தயக்கம் உண்டு. ஒன்று, "கருப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் சுத்தம்" என்பதைக் கருத்த நிறப் பிள்ளை தன் தோலோடு சேர்த்துக் கேட்கும். பல குழுக்கள் "இருண்ட பக்கம்", "சுத்தமான பக்கம்" என்று மாற்றிச் சொல்வது அதனால்தான். இரண்டு, ஏழெட்டு வயதுக்குக் கீழே ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கிறது என்பதே பிடிபடுவது கஷ்டம். 5 வயதுப் பிள்ளையிடம் "என் இருதயம் அழுக்கு" என்றால் அது சட்டையைத் தூக்கிப் பார்க்கும். அந்த வயதுக்குக் கதையை நேரடியாகச் சொல்லுங்கள்: காணாமல் போன ஆடு, தேடிப்போன மேய்ப்பன், தோளில் தூக்கி வந்தது. அதோடு நிறுத்துங்கள். புத்தகத்தை 9 வயதுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம்.

படங்கள் ஏ4 அளவில் இருந்தால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் தெரியும், ஏ3 வேண்டும். ஃபிளானல் பலகையை (படங்கள் ஒட்டி நிற்கும் துணிப் பலகை) வெளியே கொண்டுபோகாதீர்கள். அறைக்குள் பலகையைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து வைத்தால் படம் நிற்கும். முற்றத்துக் காற்றில் தாவீது முதலில் விழுவார், கோலியாத்து பிறகு. மெல்லிய இரும்புத் தகடும், படத்தின் பின்னால் காந்தத் துண்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. கைவேலைக்குத் திரவப் பசை வேண்டாம், குச்சிப் பசை போதும். 6 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முன்பே வெட்டி வைத்து விடுங்கள். தாள்களைப் பிடிக்க கிளிப் அட்டை மூன்று பிள்ளைக்கு ஒன்று.

பரிசு விஷயத்தில் என் எண்ணம்: வசனம் சொன்னதற்கு ஒரு ஸ்டிக்கர் தவறில்லை.

---

வாசற்படி எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்னதில் ஸ்டிக்கர் வரைக்கும் சரி. வருகைக்குப் பரிசு என்றால் நான் மறுப்பேன். வாராவாரம் வர முடியாத பிள்ளை யார் என்று யோசியுங்கள்: அப்பா ஓர் இடம், அம்மா ஓர் இடம் என்று இரண்டு வீட்டுக்கு மாறி மாறிப் போகிற பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா. வருடக் கடைசியில் வெறுங்கையோடு நிற்பது அவர்கள்தான். பொருள் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்ற பேச்சுக்கும் நாமே காரணம் தேடிக் கொடுத்த மாதிரி ஆகும். கொடுப்பதானால் வந்த எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுங்கள்.

பெற்றோர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் ஊழியம் என்று தொடங்கி, பெற்றோரை மூன்றாம் மாதம் நினைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. வரிசையை மாற்றுங்கள். அழைப்பிதழைப் பிள்ளை கையில் கொடுக்காமல் இரண்டு பேராகக் கதவு தட்டிப் பெரியவரிடம் கொடுங்கள். ஐந்து நிமிடம், வாசலிலேயே. பெரியவர் இல்லாவிட்டால் "பிறகு வருகிறோம்" என்று திரும்பிவிட வேண்டும், உள்ளே போகக் கூடாது. முதல் சந்திப்பில் சம்மதத் தாளும் விளக்கமும் மட்டும். மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது சந்திப்பு. அப்போது பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்பான விஷயம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "நல்லா இருக்கான்" என்பது சம்பிரதாயம். "சின்னப் பிள்ளைக்குத் தானே போய்க் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான்" என்றால் அந்த அம்மா உங்களை உட்காரச் சொல்வாள்.

ஒரு வாய்ப்பு: மாதத்தில் நான்காவது கூடுகையைக் குடும்பக் கூடுகையாக வையுங்கள். இங்கிலாந்தில் 2004-ல் கவ்ப்ளெய்ன் என்ற ஊரில் ஒரு ஆங்கிலிக்கன் சபை தொடங்கிய மெஸ்ஸி சர்ச் முறை இதற்கு நல்ல மாதிரி. அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, பெரியவரும் கூடவே இருக்க வேண்டும். கைவேலை, சின்ன ஆராதனை, கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பாடு. அதை நடத்துகிறவர்கள் அதை ஞாயிறு ஆராதனைக்கு ஆள் பிடிக்கும் பாலமாக நினைப்பதில்லை, அதையே ஒரு சபைக் கூடுகையாக எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். "எப்ப சபைக்கு வர்றீங்க?" என்று நான்காம் வாரமே கேட்டால் ஐந்தாம் வாரம் அவர்கள் இருக்க மாட்டார்கள். மேசைகளில் குழந்தைத்தனமான வேலை மட்டும் வைத்தால் அப்பாமார் சுவரோரம் கைபேசியோடு நின்றுவிடுவார்கள். ஒரு மேசையில் சுத்தியலும் ஆணியும் பலகையும் இருக்கட்டும். பறவைக் கூடோ, அலமாரியோ, பெரியவர் கை இல்லாமல் முடியாத ஒன்று.

வேறு சமயக் குடும்பங்கள் வருவார்கள். அவர்கள் வீட்டு வழிபாட்டைக் கதையில் கேலி செய்யாதீர்கள். "வீட்டில் சொல்லாதே" என்று எந்த விஷயத்தையும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. பிள்ளை ஜெபிக்க விரும்பினாலும், வேதாகமம் கேட்டாலும் பெற்றோருக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

அதோடு சேர்ந்ததுதான் "கை தூக்குங்க" அழைப்பு. 20 பிள்ளைகளிடம் "இயேசுவை நேசிக்கிறவங்க யாரு?" என்றால் 20 கையும் தூக்கும், போன வாரம் தூக்கியவரும் தூக்குவார். அதை எண்ணி அறிக்கையில் எழுதுவது யாரையும் ஏமாற்றும் வேலை. "யாருக்காவது கேள்வி இருந்தா, முடிஞ்சதும் நீலப் பாய்க்கு வாங்க" என்று சொல்லுங்கள். பாய் எல்லார் பார்வையிலும் இருக்கட்டும், அங்கே பெரியவர் இருவர் இருக்கட்டும். வந்த பிள்ளையிடம் "எதுக்கு வந்தே?" என்று திறந்த கேள்வி கேளுங்கள். பாதிப் பேர் தண்ணீர் கேட்டு வந்திருப்பார்கள்; அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.

---

முற்றம் எழுதியது:

மிக்க நன்றி. சபைப் பெயரைப் போடுவது என்று முடிவாகிவிட்டது. 15 பேர் என்பதையும் குழு ஏற்றுக்கொண்டது. இன்னும் இரண்டு சந்தேகம். வாரக் கூடுகைக்குப் பதில் விடுமுறையில் 5 நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முகாமை அந்த முற்றத்தில் வைத்தால் போதாதா என்று மூப்பர் ஒருவர் கேட்கிறார். "கட்டடம் இருக்க வெளியே எதுக்கு?" என்பதும் அவர் கேள்விதான். பிறகு, மழை வந்தால் என்ன செய்வது?

---

கரும்பலகை எழுதியது:

மூப்பரிடம் வரலாற்றையே சொல்லுங்கள். ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் தொடங்கிய ஞாயிறு பள்ளி நடந்தது ஒரு பெண்மணியின் வீட்டில். வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஞாயிறு ஒன்றுதான், வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அன்றுதான். வி.பி.எஸ்.-க்கு முன்னோடியாகச் சொல்லப்படும் எலைசா ஹாஸின் வகுப்பு 1898-ல் நியூயார்க்கில் நடந்தது வாடகைக்கு எடுத்த ஒரு மதுக்கூட மண்டபத்தில். ஜோசையா ஸ்பியர்ஸ் 1868-ல் வேல்ஸின் லண்டட்னோ கடற்கரையில் மணலில் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற வசனத்தை எழுதி, எழுத்துகளைக் கூழாங்கற்களால் நிரப்பப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கற்களை அடுக்கிக்கொண்டே கதை கேட்டார்கள். அந்த முறையை உங்கள் முற்றத்திலும் செய்யலாம், தரையில் சாக்கட்டியால் பெரிய எழுத்து வரைந்து. முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், சங்கத்தார் முகம் சுளிக்காமல்.

5 நாள் முகாம் ஒரு நல்ல தொடக்கம். ஆனால் ஐந்தாம் நாள் மாலை பிள்ளைகள் "நாளைக்கு உண்டா?" என்று கேட்பார்கள். அப்போது சொல்ல ஒரு தேதியும் இடமும் கையில் இருக்க வேண்டும். ஆகவே வாரக் கூடுகையின் முதல் தேதியை முடிவு செய்து, முகாமின் அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டு, அதன் பிறகு முகாம் வையுங்கள். ஆட்களை முகாமிலேயே களைத்துப் போகவிடாதீர்கள். 5 நாளுக்கு 12 பேர் வந்து, அடுத்த சனிக்கிழமை 3 பேர் மட்டும் வருவது பல சபைகளில் காணும் காட்சி. முகாமுக்கு ஆள் கேட்கும்போதே "வருடம் முழுக்க மாதம் இரண்டு சனிக்கிழமை தர முடியுமா?" என்று சேர்த்தே கேளுங்கள்.

---

பதிவேடு எழுதியது:

மழைக்கு: முடிவெடுப்பவர் ஒருவர், நேரம் ஒன்று. கூடுகை 4 மணிக்கு என்றால் 2:30-க்குப் பொறுப்பாளர் வானத்தைப் பார்த்து முடிவு செய்து, பெற்றோர் எண்களுக்கு ஒரே செய்தி அனுப்ப வேண்டும். செய்தி பார்க்காத வீடுகள் இருக்கும். அதனால் ரத்து செய்த நாளிலும் இரண்டு பெரியவர்கள் 3:45 முதல் 4:15 வரை முற்றத்தில் நின்று, வந்த பிள்ளையை வீட்டு வாசல் வரை கொண்டு விட வேண்டும். கூடுகை நடுவே மழையோ இடியோ வந்தால் ஒதுங்கும் கூரை எது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். யாருடைய வீட்டுக்குள்ளும் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிப்போகக் கூடாது. ஒதுங்கியவுடன் பதிவேட்டை வைத்து மறுபடி தலை எண்ணுங்கள். பதிவேடு, பென்சில், முதலுதவிப் பெட்டி மூன்றும் ஒரே நீர்புகாப் பையில் ஒருவர் தோளில் இருக்கட்டும். பேனா வேண்டாம், ஈரத் தாளில் எழுதாது.

---

வாசற்படி எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளை ஒன்றிரண்டு நிச்சயம் வரும். அரைவட்டத்தின் ஓரத்தில் ஒரு தனிப் பாய், அதில் நிறம் தீட்டும் தாள், அடுத்து என்ன நடக்கும் என்று வரிசையாகக் காட்டும் நான்கைந்து படங்கள். 16 வயது உதவியாளர் ஒருவர் அங்கே பெரியவர் கண்பார்வையில் உட்காரலாம், அந்த வேலைக்கு அவர்கள் சரியாக இருப்பார்கள். பாய்க்குப் போகப் பிள்ளை அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.